எம்.எஸ்ஸி. இட்லி

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

"இட்லி சார்! யோவ்... இட்லி சார்!"

நானும் திரும்பினேன். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"இன்னா சார், அடையாளம் தெர்லியா? நான்தான் சார், பஃபிங் செல்வராஜ்!"

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே பாக்டரியில் இருந்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் நரைக்கவில்லை. கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். டீ வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் பெண் எம்.காம். படித்திருக்கிறாள். கிடைத்தது, ஒரு ஆபீஸில் போன் எடுத்து 'குட் மார்னிங்' சொல்லும் வேலை.

"தெனம் அய்துகினே போவுது சார். 'இதுக்காப்பா இவ்ளோ படிச்சேன்?'னு கேக்குது. எனுக்கு பதில் சொல்லத் தெர்ல. நீ வந்து உன் கதைய அதுங்கிட்ட சொல்லு."

போனேன். சொன்னேன். அந்தப் பெண் இரண்டு இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில், "நிஜமாவா அங்கிள்?" என்றாள். சமாதானமானாளா, தெரியாது. ஆனால் வீட்டுக்கு வரும்போது எனக்கே தோன்றியது — வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கிறேன், என் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆனதைக்கூடச் சொல்லியிருக்கிறேன்... இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

கொஞ்சம் வெட்கம்தான். இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. சர்ட்டிபிகேட்டைப் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் சுற்றினேன். பட்டாபிராமில் ரயில் ஏறாத நாள் இல்லை, இறங்கி வெறுங்கையோடு வராத நாளும் இல்லை. எண்பத்தாறாம் வருஷம் பிறந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் தெருவில் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். நானும், எதிர்வீட்டில் பிறந்து மூன்று மாதமான குழந்தையும்.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் பூசுகிற பாக்டரி. முலாம் என்றால் லேப் இருக்கும், லேப் என்றால் கெமிஸ்ட் இருப்பார் அல்லவா? இருந்தார். அதுதான் பிரச்சினை. ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

பர்சனல் மேனேஜர் என் சர்ட்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் பாலு, லேப்ல வேகன்ஸி இல்ல. கேன்டீன் சூப்பர்வைசர் போஸ்ட்தான் காலி. சேர்ந்துக்கறீங்களா? பின்னாடி பார்க்கலாம்."

எம்.எஸ்ஸி.க்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம்? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது — அது வேலைக்குப் போவதற்குள் நான் போயாக வேண்டும்.

சேர்ந்தேன். ஆனால் வீட்டில் வாய் வரவில்லை. "கெமிக்கல் கம்பெனி மாதிரிம்மா" என்றேன். அந்த 'மாதிரி'யை அம்மா காற்றில் விட்டுவிட்டாள். "என் புள்ள கெமிஸ்ட்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து, "தம்பி, இதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா கொடேன்" என்றார்.

ரயிலில் காலேஜ் நண்பன் ஒருவன் எதிரில் உட்கார்ந்தான். என்ன வேலை என்றான். "குவாலிட்டி கண்ட்ரோல்" என்றேன். பொய்யா? அன்று காலை ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருந்தேனே!

சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு, அரிசி மூட்டைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். பிளேட்டிங் லேப் ஜன்னல் அங்கிருந்து தெரியும். உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

அப்படியே மார்கழி வந்தது. வந்ததும் இட்லி கல்லாகிவிட்டது.

எங்கள் கேன்டீனில் காலை ஏழரைக்கு நானூறு பேருக்கு டிபன். திங்கள் முதல் சனி வரை இட்லிதான். குளிர் நாளில் மாவு புளிக்கவில்லை. வட்டமாக, வெள்ளையாக, கனமாக ஒரு பொருள் தட்டில் வந்து விழும் — 'டங்' என்ற சத்தத்தோடு. செல்வராஜ் அப்போது பஃபிங் செக்‌ஷனில் ஹேண்டில்பாருக்குப் பாலீஷ் போடுகிறவர். ஒருநாள் இட்லியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்ச் மேல் ஏறினார்.

"மாமே! இத்த எட்த்துகினு போயி என் வீல்ல வெச்சா, வீலு தேயும்... இட்லி தேயாது!"

எனக்கு 'இட்லி சார்' என்று பெயர் வைத்துவிட்டு நானூறு பேரும் சிரித்தார்கள். மறுநாள் சிரிக்கவில்லை. ஒருத்தரும் சாப்பிடாமல், இட்லியைச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். கதவிலிருந்து கை கழுவும் தொட்டி வரைக்கும் இட்லி.

பர்சனல் மேனேஜர் வந்து அந்த வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார்.

"அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் டைம், பாலு. சரியாகலேன்னா கேன்டீனை வெளியாள்கிட்ட கான்ட்ராக்ட் விட்டுடறேன். அவங்க ஆளை அவங்களே கூட்டிட்டு வந்துடுவாங்க."

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. சத்தியமாக! கேன்டீன் போனால் என்னை வேறு எங்காவது போடுவார்கள்... ஒருவேளை லேபிலேயே.

திரும்பினேன். தனக்கோடி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

மாவு அரைக்கிற பொறுப்பு அவருடையது. நாற்பது வயதிருக்கும். குத்தம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். முன்னே வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவரையும் சேர்த்துக் கேன்டீனில் ஏழு பேர். எல்லாரும் மேனேஜர் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள்.

"சார், வெளியாளு வந்தா எங்கள தொர்த்திருவாங்களா?"

அக்கா தன் காலைக் காட்டினார்.

"சேத்துல நின்ன காலு சார் இது. குனிஞ்சி குனிஞ்சி நட்டு இடுப்பே போச்சி. இங்க வந்துதான் நிமுந்து நிக்கிறேன். தலைக்கு மேல ஃபேன் சுத்துது. என் பொண்ணு இஸ்கூல்ல 'எங்கம்மா கம்பெனில வேல செய்து'னு சொல்லிகினு திரியுது... அத்த வுட்டுட்டு எங்க போவேன்?"

கம்பெனியில் வேலை. நான் வாயில் போட்டு மென்று விழுங்கிய அதே வார்த்தையை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருக்கிறது! எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அக்கா, மாவு ஏன் புளிக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இப்பத்தான் கேக்கிறியா சார்? பழைய சூப்பரவைசரு, 'டைம் வேஸ்டு, அரிசி உளுந்து ரெண்டத்தையும் ஒண்ணா போட்டு அரை'ன்னாரு. தனித்தனியா அரைக்கணும்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான்? அண்டாவ பின்வாசல்ல வெக்கச் சொன்னாரு. அங்க குளுருது. மாவுக்கும் குளுரும்ல?"

மாவுக்கும் குளிரும்! ஆறு வருஷம் கல்லூரியில் படித்ததை அக்கா இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார். வெப்பம் குறைந்தால் வினை மெதுவாகும். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். கேன்டீனுக்குள் வரும்போது அதை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அன்று மத்தியானம் லேபுக்குப் போனேன். முதல் முறையாக ஜன்னல் வழியாக இல்லாமல், கதவு வழியாக. கெமிஸ்ட்டிடம் ஒரு தெர்மாமீட்டர் கேட்டேன்.

"எதுக்கு?"

"இட்லிக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொடுத்துவிட்டார். "திருப்பிக் குடுக்கும்போது கறிவேப்பிலை ஒட்டியிருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கேன்டீனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்வாசலில் குளிர். அடுப்பு அணைந்ததும் சமையலறையிலும் குளிர். "வெதுவெதுப்பா ஒரு இடம் வேணும்க்கா" என்றேன். தனக்கோடி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "வா சார்" என்று கூட்டிப் போனார். கேன்டீனை ஒட்டி ஓர் அறை. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர்.

"செவுத்த தொட்டுப் பாரு. குளுர் நாள்ல நாங்க இங்கதான் சாஞ்சிகினு குந்துவோம்."

தொட்டேன். பூனை முதுகு மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் முப்பது டிகிரி காட்டியது. எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது!

ஆறு எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். மூன்றில் சேர்த்து அரைத்த மாவு, மூன்றில் தனித்தனியாக அரைத்துக் கலந்த மாவு. பின்வாசலில் இரண்டு, அடுப்புப் பக்கம் இரண்டு, பாய்லர் சுவர் ஓரம் இரண்டு. நான் ஏ, பி, சி என்று எழுதப் போனேன். "அது எனுக்குப் படிக்க வராது சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொரு டம்ளரிலும் பொட்டு வைத்தார். ஒரு பொட்டு, இரண்டு பொட்டு... ஆறு பொட்டு வரைக்கும்.

மறுநாள் அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக! காலையில் போய்ப் பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு விஷயம் இருந்தது. முதல் ரயிலில் ஆவடி தாண்டும்போதே நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏதோ ரயிலை நான்தான் தள்ளுகிற மாதிரி.

எனக்கு முன்னால் அக்கா வந்திருந்தார். பஸ் எப்படிக் கிடைத்ததோ! கேன்டீன் வாசலிலேயே கத்தினார்.

"சார்! ஆறு பொட்டு வெச்சவன் மூடியத் தள்ளிகினு வெளிய வந்துட்டான் சார்!"

ஓடிப் பார்த்தேன். மற்ற டம்ளர்கள் வைத்தபடி இருந்தன, ஒன்றிரண்டு கொஞ்சம் யோசித்துக்கொண்டிருந்தன. ஆறாவது டம்ளர் மட்டும் நுரைத்து, பொங்கி, மூடியைக் கீழே தள்ளிவிட்டுச் சுவர் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. தனியாக அரைத்த மாவு, பாய்லர் சுவர். நானும் அக்காவும் தரையில் வழிந்த மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை யாராவது பார்த்திருந்தால் கேன்டீனை அன்றைக்கே கான்ட்ராக்ட் விட்டிருப்பார்கள்.

அப்புறம் நான்கு நாள் நாங்கள் செய்த வேலை கொஞ்சமல்ல. நாற்காலிகளை அகற்றி, அறையைக் கழுவி, வெள்ளையடித்தோம். உளுந்து எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊற வைத்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். தனியாக அரைக்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். ஏழு பேரும் ஒரு மணி நேரம் முன்னால் வருவதென்று அவர்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு — அன்றும் வந்து மாவு அரைத்தார்கள்.

திங்கட்கிழமை. ஏழரை மணி.

செல்வராஜ் முதல் ஆளாக வந்தார். தட்டோடு கூட ஓர் அரம். இரும்பைத் தேய்க்கிற அரம்தான்! "இட்லி சாப்ட டூலோட வந்துகிறேன்" என்று எல்லாருக்கும் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்கா நான்கு இட்லி வைத்தார். சத்தமே வரவில்லை. செல்வராஜ் கட்டை விரலால் ஒரு இட்லியை அமுக்கினார். பள்ளம் விழுந்து, மெல்ல எழுந்து வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி எழுந்தது. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார்.

கேன்டீனே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அரத்தை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார்... சட்னி கம்மியா கீதே?"

அவ்வளவுதான்! புகார் இட்லியிலிருந்து சட்னிக்கு மாறிவிட்டது. எம்.எஸ்ஸி. சர்ட்டிபிகேட்டைக்கூட நான் இவ்வளவு பெருமையாகத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை, சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தனக்கோடி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அதோடு விடவில்லை.

இட்லி போதவில்லை. இன்னோர் அண்டா மாவைக் கலக்க வேண்டும். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கை வரை கையை மாவுக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செக்யூரிட்டி யாரையோ கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கெமிஸ்ட் பாலுன்னு கேட்டாரு சார். அப்டி யாரும் இல்லியேன்னேன். அப்பறம்தான் தெரிஞ்சுது... நம்ம இட்லி சார!"

கூட வந்தவர் வெள்ளை வேட்டி, கையில் குடை, ஐம்பது வயதுக்கு மேல். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் யார் என்று உடனே புரிந்துவிட்டது. ஆவடி டிபென்ஸ் பாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, திருநெல்வேலிக்காரர், பெயர் ஆறுமுகம். தரகர் மூலமாக அம்மா பேசி வைத்திருந்த சம்பந்தம். மாப்பிள்ளை கெமிஸ்ட்டாமே, நேரில் ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று லீவு போட்டு வந்திருக்கிறார்.

"தம்பி... உங்க அம்மா கெமிஸ்ட்டுன்னுல்லா சொன்னாவ?"

என் சட்டைப் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. 'ஆமாம் சார், சாம்பிள் எடுக்க வந்தேன்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நம்பியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் தனக்கோடி அக்கா என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

"இல்ல சார். நான் கேன்டீன் சூப்பர்வைசர். அம்மாகிட்ட நான்தான் சரியாச் சொல்லல. எம்.எஸ்ஸி. மட்டும் நிஜம்."

அவர் என் கையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"சரி... பசிக்கி. ரெண்டு வைக்கச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். இரண்டு, நான்காகி, ஆறு ஆனது. கை கழுவினார். "வாரேன்" என்று ஒற்றைச் சொல். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் எனக்கு நடந்த பூஜையை விவரிக்க வேண்டாம். "உண்மையச் சொல்றதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலியாடா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பாருங்கள், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இனி ரயிலில் யாரைப் பார்த்தாலும் ஒளிய வேண்டியதில்லை.

நான்காம் நாள் ஆவடியிலிருந்து தகவல் வந்தது. தை பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம்!

போனோம். பஜ்ஜி, கேசரி எதிர்பார்த்தால், தட்டில் இட்லி வந்தது. அப்பா, அம்மா, தரகர், அந்த வீட்டார் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பழக்கதோஷம்... கட்டை விரல் தானாகப் போய் இட்லியை அமுக்கிவிட்டது.

கதவோரம் நின்ற பெண் சிரித்தாள். "எத்தனை மார்க்?" என்றாள்.

அவள் பெயர் வடிவு. எம்.ஏ. பொருளாதாரம். குவார்ட்டர்ஸ் பால்வாடியில் முப்பது குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் தனியாகப் பேச விட்டார்கள்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?" என்று கேட்டேன். "எம்.ஏ. படிச்சிட்டு..."

"முதல்ல அழுதேன். அப்புறம் ஒருநா காய்ச்சல்னு போகல. மறுநா போனா, முப்பதும் ஓடி வந்து காலக் கட்டிக்கிடுச்சி. எம்.ஏ. வகுப்புல ஒருத்தரும் என்னைக் கட்டிக்கிடல" என்றாள். பிறகு, "அப்பா வந்து சொன்னாவ... பையனோட அம்மா சொன்னது பொய்யி, பையன் சொன்னது நெசம், இட்லி சொன்னதும் நெசம்னு."

வைகாசியில் கல்யாணம். கேன்டீன் ஏழு பேரும் வந்தார்கள். சமையல்காரர் எங்கே தப்பு செய்கிறார் என்று தனக்கோடி அக்கா பந்தியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பு வேலையைவிடப் பெரிதாக இருப்பதில் என்ன குற்றம்? அளவு பெரிதான சட்டையைக் கழற்றியா எறிகிறோம்? கையை மடித்து விட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான். மடித்துக்கொண்டால் வேலை செய்ய வசதியாகவும் இருக்கும்.

அடுத்த வருஷம் லேப் கெமிஸ்ட் வேறு கம்பெனிக்குப் போனார். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அந்த இடத்தில் என்னைப் போட்டார். பாய்லர் சுவர் அறையைத் தனக்கோடி அக்கா பொறுப்பில் விட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். நான் ஆசைப்பட்ட வேலை, படித்த வேலை. குறை ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றுதான்... இத்தனை வருஷத்தில் லேபில் ஒருத்தர்கூட என்னிடம், "சூடா இன்னொண்ணு வை சார்" என்று கேட்டதில்லை!